ஃபைல் வந்துருச்சு... எழுத்து வரலையே!

புதுசா கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் நாள் என்ன செய்வீர்கள்? வால்பேப்பர் மாற்றுவீர்கள். ரெண்டாம் நாள், பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற சரக்கை எல்லாம் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவீர்கள். மூணாம் நாள், பழசை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிடுவீர்கள். கரெக்டா?

அந்த மூணாம் நாள் வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன். ஏன் என்று தெரிய, பாலசமுத்திரம் வரை ஒரு நடை போய்விட்டு வரலாம் வாங்க.

பழநிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர். அங்கே ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்... ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கடையின் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். கடைக்காரரின் மகள் பழநியில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள்தான் போன் போட்டாள்.

"அண்ணா, புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. ஃபைல் எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன். ஒண்ணுகூட விடலை. எண்ணிக்கையெல்லாம் சரியா இருக்கு. ஆனா திறந்தா ஒரு எழுத்தும் தமிழா இல்லண்ணா. மேலே கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்தா வருது. அப்பா என்னைப் பாக்குற பார்வையே சரியில்லை!"

போனேன். அப்பா பழைய கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன் தம்பி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு. அதென்ன சோறா கேக்குது?" என்றார்.

சோறு கேட்கவில்லைதான். ஆனால் வாடிக்கையாளர்கள் இப்போது மேட்டரை வாட்ஸ்அப்பில் யுனிகோட் தமிழில் அனுப்புகிறார்கள். அவருடைய பேஜ்மேக்கர் அதை ஏற்காது. முழுசையும் அவர் மறுபடி டைப் அடிக்க வேண்டும். மாறித்தான் ஆக வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை போனால் போகட்டும், கல்யாணம் முடிந்துவிட்டது. விஷயம் வேறு. 2006-ல் ஊரில் ஒரு தமிழ் வாத்தியார், சுற்று வட்டாரத்தில் பாட்டிமார்கள் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் எழுதி எடுத்து வந்து இந்தக் கடையில் டைப் செய்யக் கொடுத்திருக்கிறார். 140 பக்கம். புத்தகம் போடக் காசு சேரவில்லை, அப்படியே நின்றுபோச்சு. கையெழுத்து நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது வாத்தியாருக்கு 80 வயது. பேரப்பிள்ளைகள் புத்தகம் போடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள். பாடிய பாட்டிகளில் பலர் இன்று இல்லை. மிச்சம் இருப்பது அந்த ஃபைல் மட்டும்தான்.

புரோகிராம் வேற, ஃபைல் வேற

அந்தப் பெண் இன்னொன்றும் செய்திருந்தாள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரையும் அப்படியே காப்பி அடித்துப் புதுசில் போட்டிருந்தாள். பேஜ்மேக்கர் ஐகானை அழுத்தினால், ஏதோ டிஎல்எல் காணோம் என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது.

ஃபைல் என்பது பானையில் இருக்கிற தண்ணீர். தூக்கிக்கொண்டு போகலாம். புரோகிராம் என்பது மரம். அதன் வேர் மண்ணுக்குள் எங்கெங்கோ ஓடியிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போதே அது ரெஜிஸ்ட்ரியில் நூறு குறிப்பு எழுதி வைக்கும். சிஸ்டம் ஃபோல்டரில் தன் டிஎல்எல்களைப் போட்டு வைக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்தால் மரத்தை மேலாக வெட்டி எடுத்து வந்து நட்ட கதைதான். எக்ஸ்பி-யில் இருந்த டிரான்ஸ்ஃபர் விஸார்டும் சரி, விண்டோஸ் விஸ்டாவில் வந்த ஈஸி டிரான்ஸ்ஃபரும் சரி, ஃபைலையும் செட்டிங்கையும்தான் கொண்டுபோகும். புரோகிராமைப் புதுசில் மறுபடி இன்ஸ்டால்தான் செய்ய வேண்டும்.

அதற்கு சிடி வேண்டும், சீரியல் நம்பர் வேண்டும். தமிழ் டிடிபி சாஃப்ட்வேர் பலவற்றுக்கு இன்னொன்றும் வேண்டும்: 'டாங்கிள்' என்கிற பூட்டு. அது கம்ப்யூட்டரின் முதுகில் பழைய பிரின்டர் போர்ட்டில் செருகி இருந்தால்தான் சாஃப்ட்வேர் கண் திறக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். அந்தக் காலத்து 16 பிட் புரோகிராம் அதில் ஓடவே ஓடாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை.

தமிழ் எங்கே போச்சு?

சரி, ஃபைல் வந்துவிட்டதே, எழுத்து ஏன் வரவில்லை?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய 8 பிட் முறையில் மொத்தம் 256 இடம். பாதியை இங்கிலீஷ் எடுத்துக்கொண்டது. மீதி இடத்தில், சில சமயம் இங்கிலீஷ் எழுத்தின் மேலேயே, தமிழை உட்கார வைத்தார்கள். யார் எந்த எழுத்தை எங்கே உட்கார வைப்பது? ஃபான்ட் செய்தவர் இஷ்டம்!

பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்று அடித்தால், உள்ளே பதிவாவது இங்கிலீஷ் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. தமிழ் டைப்ரைட்டரில் அந்தக் கட்டைகளில்தான் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி எல்லாம் இருக்கும். அதை ஒட்டியே செய்தார்கள். பாமினி ஃபான்ட் இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஜே, கே, பி, ஓ. ஃபைல் பெட்டி என்றால் ஃபான்ட் சாவி. அவள் பெட்டியை எல்லாம் தூக்கி வந்துவிட்டு, சாவிக்கொத்தைப் பழைய வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் இருந்து டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 கீபோர்டும் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் மத்தியில் டிஸ்கி பரவியது. இதற்கிடையில் யுனிகோட் தன் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிவிட்டது. விண்டோஸ் 2000 'லதா' என்ற ஃபான்ட்டோடு வந்து யுனிகோட் தமிழைக் காட்டியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான டிடிபி கடைகளில் ஆளுக்கொரு சாவியில் கோடிக்கணக்கான பக்கங்கள் பூட்டப்பட்டுவிட்டன.

ஒழுங்காக வீடு மாற்றியவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று ஆரம்பித்த 'மதுரைத் திட்டம்' தன்னார்வலர்கள், பழந்தமிழ் நூல்களை டைப் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் தொடங்கிய வேலை. ஆரம்பத்தில் தனி ஃபான்ட், அப்புறம் டிஸ்கி, அப்புறம் யுனிகோட் என்று காலம் மாற மாற, இருந்த நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் இன்று உங்கள் மொபைலில் அவை திறக்கின்றன. வீடு மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

குப்பையா, கட்டமா, கேள்விக்குறியா?

பதறுவதற்கு முன் ஸ்கிரீனில் தெரிவது என்ன என்று பாருங்கள். மூணு வகை உண்டு.

குப்பை மாதிரி இங்கிலீஷ் எழுத்து தெரிகிறதா? நல்ல செய்தி! உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கிறது. சாவி மட்டும் இல்லை.

வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? பெரும்பாலும் அந்த எழுத்தைக் காட்ட ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். நல்ல யுனிகோட் ஃபான்ட் போட்டுப் பாருங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிகிறதா? நிறுத்துங்கள். சேவ் செய்யாதீர்கள். யுனிகோட் தமிழை யாரோ பழைய 'ஆன்சி' முறையில் சேவ் செய்திருக்கலாம். அப்படி என்றால் எழுத்து போயே போச்சு. அங்கே இருப்பது நிஜமாகவே கேள்விக்குறிதான். வேறு காப்பி தேட வேண்டியதுதான். அதனால்தான் நோட்பேடில் தமிழை சேவ் செய்யும்போது 'யூடிஎஃப்-8' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலசமுத்திரத்தில் இருந்தது முதல் வகை. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது, டாங்கிள் முதுகிலேயே இருக்கிறது. அப்பாவின் பிடிவாதம் இந்த ஒரு தடவை நம்மைக் காப்பாற்றியது!

மூணு ராத்திரி உட்கார்ந்தோம். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, பிடிஎஃப்-ஆக ஒரு காப்பி. அதே மேட்டரை டெக்ஸ்ட்டாக வெளியே எடுத்து, ஃபான்ட் பெயரைக் குறித்துவைத்து, மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக ஒரு காப்பி. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இந்த வேலைக்கென்றே வந்தவை.

"பிடிஎஃப் இருக்கே, அது போதாதாண்ணா?" என்று கேட்டாள்.

பார்க்கப் போதும். ஆனால் அந்த பிடிஎஃப்-ல் இருந்து ஒரு வரியைக் காப்பி எடுத்து ஒட்டிப் பார், மறுபடி அதே குப்பைதான் வரும். தேட முடியாது, திருத்த முடியாது. அது போட்டோ மாதிரி. யுனிகோட் காப்பிதான் உயிர். போட்டோ எதற்கு? மாற்றி தப்புப் பண்ணினால் ஒப்பிட்டுப் பார்க்க! 'கௌரி' என்பது 'கெளரி' ஆகும். பழைய ஃபான்ட்டில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் 'ள'வுக்கும் ஒரே இடம் என்பதால் மாற்றி குழம்பும். இப்படிச் சின்னச் சின்ன சில்மிஷம் நிறைய. அப்பா பிடிஎஃப்-ஐப் படிக்க, மகள் யுனிகோடைத் திருத்த... மூணாவது ராத்திரி கடைக்காரருக்கே குஷி வந்துவிட்டது. தான் அடித்த தப்பையும் கண்டுபிடித்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார்!

11 பக்கம்

எல்லாம் முடிந்தது, 11 பக்கம் தவிர.

அது ஓர் ஒப்பாரி. அப்போது கடையில் வேலை பார்த்த ஒரு பையன், தன் வசதிக்கு வேறு ஏதோ ஃபான்ட்டில் நோட்பேடில் அடித்து வைத்திருக்கிறான். வேர்ட் ஃபைலாக இருந்தால் ஃபான்ட் இல்லாவிட்டாலும் அதன் பெயராவது மேலே காட்டும். நோட்பேடில் அதுவும் இல்லை. 2012-ல் ஒரு தடவை கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்தபோது அந்த ஃபான்ட் போய்விட்டது. இருந்த ஃபான்ட் எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை.

பொருந்தவில்லை என்றதும், பக்கத்தில் இருக்கும் பொருந்தல்தான் ஞாபகம் வந்தது.

பழநிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில், பொருந்தலாற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. புதுச்சேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் 2009-ல் இருந்து அங்கே அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழியில் நாலு கால் ஜாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கூடவே, தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த பானைத்தாங்கி. படித்துப் பார்த்தால் 'வய்ர'. நெல்லுக்குச் செய்த காலக்கணிப்பில் கி.மு. 490 என்று வந்தது. எழுத்து அவ்வளவு பழசா என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து என்பதில் சந்தேகம் இல்லை.

யாரோ களிமண்ணில் கீறியது இன்று படிக்க முடிகிறது. 2006-ல் அடித்தது படிக்க முடியவில்லை! மண்ணை விட ஹார்டு டிஸ்க் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிராமிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. எழுத்து பாறையில் அப்படியே இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் அதைத் திறந்தார். எப்படி? சாஞ்சியில் நிறையக் கல்வெட்டுகள் ஒரே மாதிரி எழுத்தில் முடிவதைப் பார்த்தார். கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள் எழுதியது என்றால், கடைசி வார்த்தை 'தானம்' என்றுதானே இருக்கும்? ஊகித்தார். பூட்டு திறந்தது. நம் ஊர்க் குகைகளில் இருந்த பிராமிக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று கே.வி.சுப்பிரமணிய அய்யர் 1924-ல் படித்துச் சொன்னார்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப நாமளும் கண்டுபிடிக்கலாம்ல?"

வாத்தியாரிடம் ஓடினாள். அவருக்குப் பாட்டு மறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் எப்படி முடியும் என்பது ஞாபகம் இருந்தது: 'என் ராசா'. ஃபைலைத் திறந்தோம். பல வரிகளின் கடைசியில் ஒரே சொல், நாலு குறி. ரெண்டாவதும் நாலாவதும் ஒரே குறி! ர, கால், ச, கால். கிடைத்தது 'ராசா'. அதற்கு முன்னால் 'என்'. அஞ்சு குறி கையில் வந்துவிட்டது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எதிரெதிரே எழுத ஆரம்பித்தாள்.

இதை மட்டும் மறக்காதீங்க

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் நிறைய வீடுகளில் இப்போது கம்ப்யூட்டர் மாறும் சீசன். அதற்கு முன்:

1. பழசை உடனே விற்காதீர்கள், ஃபார்மட் அடிக்காதீர்கள். குறைந்தது மூணு மாசம் மூலையில் இருக்கட்டும். எது விட்டுப்போச்சு என்பது மூணாவது மாசம்தான் தெரியும்.

2. இன்ஸ்டால் செய்த புரோகிராம் பட்டியலைப் போட்டோ எடுங்கள். சீரியல் நம்பர், சிடி, டாங்கிள் எல்லாம் ஒரே டப்பாவில்.

3. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறக்காமல் காப்பி எடுங்கள். தமிழனுக்கு இது கட்டாயம்!

4. 'மை டாகுமென்ட்ஸ்' மட்டும் உலகம் இல்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசர் புக்மார்க், கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் எல்லாம் வேறு வேறு மூலையில் ஒளிந்திருக்கும்.

5. பெரிய வீடியோ பென் டிரைவில் ஏற மறுக்கிறதா? டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருக்கும். ஒரு ஃபைல் 4 ஜிபி-க்கு மேல் அதில் ஏறாது.

6. கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லையா? ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் படிக்கலாம். ஐடிஇ-யா, சாட்டா-வா என்று பார்த்து அடாப்டர் வாங்குங்கள்.

7. ஃபைலை எண்ணாதீர்கள், திறந்து பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் ரெண்டு மூணாவது.

8. இனிமேல் அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள். ரெண்டு இடத்தில் காப்பி வையுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி போன் போட்டாள். 11 பக்கத்தில் நாலு பக்கம் படிக்க வந்துவிட்டதாம். வாத்தியாரை உட்கார வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "இது எங்க அம்மா பாடுனது" என்றாராம்.

மிச்சம் ஏழு பக்கம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது. உங்க வீட்டுப் பழசு எங்கே இருக்கு? போய் ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்களேன்!

அடுத்த வாரம் பார்ப்போமா!